திரை ஓரத்தில் ஐந்து சட்டைப் பொத்தான்கள்

அன்புள்ள மூத்தவளுக்கு,

இங்கே அப்பாவும் தங்கையும் நானும் நலம், என் வலது மணிக்கட்டு மட்டும் இன்னும் நலமாகிக்கொண்டிருக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். இல்லையென்றால் அப்படியென்று பொய்யாவது எழுது, மனசு ஆறும். கை மாவுக்கட்டில் இருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை, அந்த வாலு, எழுதுகிறாள். இதில் "நான்" என்று வருவதெல்லாம் நான். அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவள். வேண்டாம் என்றால் கேட்கவா போகிறாள்? (அக்கா, கட்டு போட்டது கைக்குத்தான். வாய்க்கும் ஒன்று போடச் சொல்லி டாக்டரிடம் கெஞ்சினேன், அந்த எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.) தொலைபேசியில் சொல்லலாமே என்பாய். தொலைபேசியில் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், அப்பா போனைப் பிடுங்கி அங்கே மழையா என்று கேட்பார். கடிதத்தில் குறுக்கே பேச வாலுக்கு மட்டும்தான் வசதி.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போகாதே என்றாய், போய்வந்துவிட்டேன். கார்களில் தொடுதிரைக்கு என்ன விதி போடலாம் என்று ஊர் ஊராக விசாரிக்கும் அந்தச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் முன்னால், போன செவ்வாய்க்கிழமை, உன் கார் நிறுவனத்துக்காக நீ வரைந்த திரையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். நீ போனில் சொன்னது எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. "போக வேணாம்னு நான் சொல்லலம்மா, ஆனா போகாதீங்க" என்றாய். அடுத்த மாதம் உன்னைத் திரைப் பிரிவுக்கே தலைவி ஆக்கப்போகிறார்கள், இந்த நேரத்தில் பெற்ற தாயே எதிர்ச்சாட்சி சொன்னால் அது என்ன ஆகும் என்று அழுதாய். அந்த அழுகை நாலு நாள் என் காதிலேயே இருந்தது. இருந்தும் போனேன். ஏன் என்பதைச் செய்தியில் யாரோ எழுதிப் படிப்பதற்கு முன்னால் என்னிடமிருந்தே படித்துவிடு.

என் பள்ளியில் கார் பழக வருகிறவர்களுக்கு முதல் பாடம் என்ன என்று உனக்குத் தெரியும், நீயும் அதில் இரண்டு முறை தோற்றவள்தானே. (மூன்று முறை. பதிவேடு என்னிடம் இருக்கிறது.) நிறுத்திவைத்த காரில் உட்கார வைத்து, கண்ணைத் துணியால் கட்டி, நான் ஒவ்வொன்றாகச் சொல்லுவேன், கை தானாகப் போக வேண்டும். ஹாரன், இண்டிகேட்டர், கைபிரேக், வைப்பர், முன்விளக்கு, பக்கக் கண்ணாடி, அபாய விளக்கு, கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கும் காற்று. எட்டும் சரியாக வந்தால்தான் சாவி. இருபத்திரண்டு வருடமாக இந்தப் பாடத்தில் தேறாத யாரும் என் பள்ளி வாசலைத் தாண்டிச் சாலையைப் பார்த்ததில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் உன் திரை வைத்த அந்தப் புதுக் காரை வாங்கி வந்து நிறுத்தினேன் அல்லவா, அன்று தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு இது என் மக வரைஞ்சது, இது என் மக வரைஞ்சது என்று ஒவ்வொரு படமாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். மருந்துக்கடைக்காரர் "அப்போ சக்கரத்தை யாரு வரைஞ்சா?" என்று கேட்டதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. மறுநாள் கண்ணைக் கட்டிக்கொண்டு நானே உட்கார்ந்தேன். மூன்றுதான் கைக்கு வந்தது. மீதி ஐந்தும் திரைக்குள் இருக்கிறது, திரையோ வழவழவென்று ஒரே தகடு, விரலுக்கு எது வைப்பர் எது விளக்கு என்று எப்படித் தெரியும்? (அம்மா வைப்பர் என்று நினைத்துத் தொட்டாள், பாட்டு வந்தது. விளக்கு என்று தொட்டாள், சீட்டு சூடாகி எழுந்து உட்கார்ந்தாள். ஓட்டலில் மெனு பார்க்கலாம், ஓட்டுகையில் மெனு பார்க்கலாமா அக்கா?)

வேறு யார் செய்த காராக இருந்தாலும் அன்றே திருப்பிக் கொடுத்திருப்பேன். இது நீ செய்தது. அங்கேதான் நான் சறுக்கினேன். நம் பிள்ளை வேலையில் குறை இருக்காது, நமக்குத்தான் பழகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் வாலு ஒரு வேலை செய்தாள். என்னிடம் பழகிக்கொண்டிருந்த தையல்காரம்மாவிடம் ஐந்து சட்டைப் பொத்தான் கேட்டு வாங்கி, திரையின் கீழ் ஓரச் சட்டத்தில், ஒவ்வொரு படத்துக்கும் நேர் கீழே பசை போட்டு ஒட்டிவிட்டாள். கோட்டுப் பொத்தான் பெரியது, அது கண்ணாடி ஆவிக்கு. துணி சுற்றியது வைப்பருக்கு. இரண்டு துளை விளக்குக்கு, நாலு துளை பக்கக் கண்ணாடிக்கு, குழந்தைச் சட்டையின் பூப் பொத்தான் அபாய விளக்குக்கு. பொத்தானைத் தடவி ஒரு விரல்கடை மேலே தொட்டால் போதும். (காருக்குச் சட்டை தைத்த முதல் ஆள் நான்தான்.) கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், எட்டும் வந்தது. தையல்காரம்மாவுக்கும் வந்தது. கைதட்டிச் சிரித்தோம், அன்றே பதிவேட்டில் அந்தக் காருக்குத் தேர்ச்சி என்று என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தேறியது கார் இல்லை, பொத்தான்கள்தான் என்று அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

விபத்து நடந்ததை உன்னிடம் பூசி மெழுகித்தான் சொல்லியிருந்தோம், இப்போது உள்ளபடி கேள். அன்று காலை காரைக் கழுவும்போது திரையில் புது அப்டேட் வந்திருக்கிறது, போடலாமா என்று கேட்டிருக்கிறது, வாலு சரி என்று அழுத்தியிருக்கிறாள். (அந்தச் சரியை அழுத்தியது நான்தான், அக்கா. புதுப்பித்தல் என்று நினைத்தேன், அது பித்துப்பிடித்தல். இதை மட்டும் நானே எழுதுகிறேன் என்று அம்மாவிடம் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.) அவள் மேல் தப்பில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பத்து மணிக்குத் தையல்காரம்மா ஓட்ட, நான் பக்கத்தில். மழை பிடித்துக்கொண்டது, மருந்துக்கடைத் தெருவுக்குள் திரும்பும்போது முன் கண்ணாடி முழுக்க உள்ளேயிருந்து ஆவி மூடிவிட்டது. அவள் "அக்கா, ஒண்ணுமே தெரியல" என்றாள். நேரா போம்மா, நான் பார்த்துக்கறேன் என்று சொல்லிவிட்டுப் பெரிய கோட்டுப் பொத்தானைத் தடவி மேலே தொட்டேன். வழிகாட்டும் வரைபடம் பெரிதாக விரிந்தது. மறுபடி தொட்டேன், எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டது. ஆவிப் படத்தை வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டிருக்கிறீர்கள். அதைத் தேடி நான் திரையைக் குனிந்து பார்த்தேன், நான் என்ன தேடுகிறேன் என்று தையல்காரம்மாவும் பார்த்தாள். என் காலடியில் எனக்கென்று தனி பிரேக் இருக்கிறது, ஆனால் கண் திரைக்குள் இருந்தால் காலுக்கு யார் சொல்வது? கார் நடைபாதையில் ஏறி, மருந்துக்கடை வாசலில் சாய்த்து வைத்திருந்த தபால்காரர் சைக்கிளை அப்பளமாக்கி, விளக்குக் கம்பத்தில் நின்றது. திரையில் நீட்டியிருந்த கை அப்படியே மடங்கி மணிக்கட்டு போயிற்று. தையல்காரம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை, இறங்கி வந்து "ஊசில நூல் கோக்கும்போதுகூட நான் இப்படி உத்துப் பாத்ததில்ல அக்கா" என்றாள். தபால்காரர் ஒரு இருமல் மருந்துக்குச் சில்லறை எண்ணிக்கொண்டு கடைக்குள் நின்றிருக்கிறார். வெளியே வந்து சைக்கிளைப் பார்த்து, என்னைப் பார்த்து, "சைக்கிள் போனா போகுதும்மா, சில்லறை சரியா இருந்திருந்தா நானே போயிருப்பேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, வருத்தம் வந்தால் எதையாவது அளப்பார். மறுநாள் தன் நில அளவை அலுவலகத்திலிருந்து நீள நாடாவை எடுத்து வந்து, நான் குனிந்த இடம் எது என்று தையல்காரம்மாவைக் கேட்டு, அங்கிருந்து கம்பம் வரை பிடித்தார். முப்பத்தோரு மீட்டர். நாங்கள் போன வேகத்துக்கு அது நாலு நொடிகூட இல்லையாம். அந்த முப்பத்தோரு மீட்டரில் ஒரு மருந்துக்கடை, ஒரு சலூன், நாலு வீட்டு வாசல், குழந்தைகள் ஸ்கூல் பஸ்சுக்கு நிற்கும் இடம் எல்லாம் வருகிறது. சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு வந்தார். மழை அழித்துவிட்டது, ஆனால் நான் இப்போதும் அந்தத் தெருவில் நடக்கும்போது கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரிகிறது. குழுவின் அறிவிப்பை நாளிதழில் பார்த்தது அந்த வாரம்தான். பெயர் கொடுத்துவிட்டேன்.

விசாரணை நடந்தது நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். மின்விசிறி ஓடியது, மைக் ஓடவில்லை. குழுத் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி, எழுபது வயதிருக்கும், தலை முழுக்க வெள்ளை, பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்துகொண்டே கேட்பார். உங்கள் நிறுவனத்தின் சார்பில் ஒரு வழக்கறிஞர், நல்ல மடிப்புச் சட்டை. திரை என்றால் செலவு குறைவு, எடை குறைவு, எப்போது வேண்டுமானாலும் மேம்படுத்தலாம், பழகினால் எல்லாம் கைவந்துவிடும் என்று அழகாகப் பேசினார். நான் என் முறை வந்ததும், பேச்செல்லாம் தயார் செய்யலைங்க, ரெண்டு கார் கொண்டு வந்திருக்கேன், கீழே வாங்க என்றேன். ஒன்று நம் பழைய கார், இன்னொன்று மூக்கு நசுங்கிய உன் கார், இழுவை வண்டியில் வந்தது. தலைவி உடனே எழுந்துவிட்டார். பழைய காரில் அவர் கண்ணை நானே ஒற்றைக் கையால் கட்டப் பார்த்து முடியாமல் வாலு வந்து கட்டினாள். (முடிச்சு இறுக்கமா இருக்கா என்று கேட்டேன், "பரவால்ல, நீதிமன்றத்துல முப்பது வருஷம் இதைவிட இறுக்கமா கட்டி வெச்சிருந்தாங்க" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.) அந்தக் காரை வாழ்க்கையில் அன்றுதான் பார்க்கிறார், எட்டில் ஏழு எடுத்துவிட்டார். பிறகு உன் காரில் வழக்கறிஞரையே கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னேன். மறுக்கவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன். எட்டில் மூன்று. ஆவி போக்கும் காற்றைத் தேடி அவர் விரல் திரையில் அலைந்த நேரத்தை உன் அப்பா கடிகாரம் வைத்துச் சொன்னார். பதினேழு நொடி. யாரும் சிரிக்கவில்லை, வாலுகூட.

மேலே வந்ததும் வழக்கறிஞர் கட்சியைத் திருப்பிப் போட்டார். அந்தக் கார்த் திரையில் குடும்பத்தார் பொத்தான் ஒட்டி மாற்றம் செய்திருக்கிறார்கள், அதை நம்பித்தான் விபத்து, இதில் நிறுவனத்தின் பங்கு என்ன என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அதோடு நிற்காமல், "இந்தம்மாவோட மூத்த மகளே எங்க நிறுவனத்துலதான் இருக்காங்க, அந்தத் திரையே அவங்க வேலைதான், இது வீட்டுச் சண்டையா பொது விசாரணையான்னு தெரியலைங்க" என்றார். அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் சொன்னேன், ஆமாங்க, என் மக வரைஞ்சதுதான், அதனாலதான் தப்பு பண்ணினேன், கண்கட்டிப் பாடத்துல தோத்த காரை, மக செஞ்சதுங்கற ஒரே காரணத்துக்காகப் பொத்தான் ஒட்டித் தேற வெச்சேன், அந்தத் தப்பு முழுக்க என்னோடது, எனக்கு என்ன தண்டனையோ கொடுங்க. ஆனா ஒட்டுன பொத்தான் இடம் மாறலை, உங்க திரைதான் ஒரு ராத்திரில இடம் மாறிச்சு, இருபத்திரண்டு வருஷத்துல வைப்பர் குச்சி ஒரு நாளும் என்னைக் கேக்காம வேற பக்கம் போனதில்லை என்றேன். தலைவியின் பேனா அப்போது மூடவும் இல்லை திறக்கவும் இல்லை.

போக்குவரத்து அலுவலகத்திலிருந்து தண்டனை வந்துவிட்டது. பயிற்சி தரும் உரிமம் இரண்டு மாதம் நிறுத்தம். கை சேர எப்படியும் ஆறு வாரம் என்பதால் எனக்கு இது பெரிதாகத் தெரியவில்லை, பழகுநர்களைப் பக்கத்துத் தெருப் பள்ளிக்கு அனுப்பிவிட்டேன், அவர்களும் கண்கட்டிப் பாடம் வைக்க வேண்டும் என்று கண்டிஷன் போட்டிருக்கிறேன். தபால்காரருக்குப் புது சைக்கிள் வாங்கிக் கொடுத்தாயிற்று, மணி மட்டும் பழையதுதான் வேண்டும் என்று கழற்றி மாட்டிக்கொண்டார். விதியின் வரைவை விசாரணை அன்றே வாசித்தார்கள். எட்டு வேலைக்கும் கண் பார்க்காமல் கை கண்டுபிடிக்கும்படி நிலையான குமிழோ குச்சியோ இருக்க வேண்டும், அப்டேட் எதுவும் அவற்றின் இடத்தை மாற்றக் கூடாது. ஒரு உறுப்பினர் மட்டும், திரையைச் செய்தவர்களே இதை முடியாது என்கிறார்களே என்று தயங்கினார். அதற்குத் தலைவி, அடுத்த அமர்வுக்கு வழக்கறிஞர் வேண்டாம், திரையை வரைந்த பிரிவிலிருந்து ஒருவர் நேரில் வரட்டும், கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்று எழுதிவிட்டார்.

இனி உனக்கு மட்டும் சொல்ல வேண்டியது. அன்று போனில் அழுதபோது இன்னொன்றும் சொன்னாய். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே நான் சொன்னேம்மா, வைப்பரும் ஆவியும் வெளிய இருக்கணும்னு நாலு பக்கம் குறிப்பு எழுதிக் கொடுத்தேன், ஒரு குமிழுக்கு ஆகற செலவைச் சொல்லி மூடி வெச்சுட்டாங்க, நானும் அதோட விட்டுட்டேன் என்றாய். உடனே, ஐயோ, இதை நான் சொல்லவே இல்ல, மறந்துடுங்க என்றாய். நான் மறக்கவில்லை. விசாரணையில் அந்த வழக்கறிஞர் வீட்டுச் சண்டை என்றாரே, அப்போது என் நாக்கு நுனியில் அந்த நாலு பக்கமும் வந்து நின்றது. உங்க கம்பெனிக்குள்ளயே ஒருத்தி சொல்லியிருக்கா, கேட்டீங்களா என்று ஒரு வார்த்தை போதும், அந்த உறுப்பினரின் தயக்கம் அங்கேயே கரைந்திருக்கும். சொல்லவில்லை. அது என்னுடையது இல்லை. உன் கையெழுத்து உள்ள காகிதத்தை நான் எடுத்து வீசினால் நான் ஜெயித்திருப்பேன், நீ கடைசி வரைக்கும் அம்மாவால் காட்டிக்கொடுக்கப்பட்டவளாக இருந்திருப்பாய். (அன்று வரும் வழியெல்லாம் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தாள். எனக்குக் காரணம் இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. இந்த இடத்தில் நகைச்சுவை எதுவும் வரவில்லை, மன்னித்துக்கொள்.)

அடுத்த அமர்வுக்கு வரப்போகும் அந்த ஒருவர் நீயாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான். வேலை போனால் என்ன செய்வது என்பாய். போகலாம். தலைவிப் பதவியும் கை நழுவலாம், பொய் சொல்லி உன்னை அழைக்க மாட்டேன். ஆனால் நீ சரியாகக் கண்டுபிடித்த ஒன்றை மூடிவைத்துக்கொண்டு அந்தப் பதவி நாற்காலியில் உட்கார்ந்தால், ஒவ்வொரு மழைக்கும் உனக்கு முதுகில் முள் குத்தும், எனக்கு உன்னைத் தெரியும். சின்ன வயதில் கணக்குத் தாளில் அரை மதிப்பெண் அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று நீயாகத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நீ. வராவிட்டாலும் நம் வீட்டுக் கதவு உனக்குச் சாத்தப்படாது, இதை எழுத்தில் வைத்துக்கொள். வருவதானால் என் மகளாக வராதே, எனக்காகவும் வராதே. திரையை வரைந்தவளாக வா, நாலு பக்கத்தையும் நீயே வாசி. இந்த மாதம் கடைசி வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி, அதே இரண்டாவது மாடி. நான் பார்வையாளர் வரிசையில் இருப்பேன். சாட்சி சொல்லி முடித்தவர்கள் பேசக் கூடாது என்பது குழுவின் விதி, அதனால் எவ்வளவு நேரமானாலும் வாயைத் திறக்க மாட்டேன். (அம்மா வாயை மூடி உட்கார்ந்திருப்பதை நேரில் பார்க்கவாவது வா அக்கா. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து மணி பார்ப்போம்.)

என்ன முடிவு செய்தாலும் தெளிந்த மனசோடு செய், தைரியமும் நல்ல தூக்கமும் உன்னோடு இருக்கட்டும், நீ தொடங்குவது எல்லாம் நேராக வரட்டும். வாடகைக் கார் எடுத்தால் ஏறியவுடன் கிளப்பாதே, நிறுத்தி வைத்து எட்டையும் ஒருமுறை கையால் தேடிப் பார், அவசரம் என்று விட்டுவிடாதே. உன் அப்பா தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொன்னார், அங்கே மழையா என்றும் கேட்டார்.

இந்த ஒரு வார்த்தை மட்டும் இடது கையால் நானே போட்டது,
அம்மா